கல் போன இடத்தில் நீர்

அந்தமானின் கல்குவாரிகள் ஊற்றுகளை வற்றவைக்கும் என்பது ஒரு கட்சி. அவையே தாகம் தீர்க்கும் தொட்டிகள் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதுதான் சிக்கல்.

வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவக்காற்றுகளும் முறைவைத்துக் கொட்டித் தீர்க்கின்றன. இத்தனைக்குப் பிறகும் பிப்ரவரி பிறந்துவிட்டால் தெற்கு அந்தமானில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். குழாயில் தினமும் தண்ணீர் என்பது அந்த மாதங்களில் கனவு. தண்ணீர் விடும் நாள் எது என்பதைப் பொறுத்தே பல வீடுகளில் அன்றைய வேலை தீர்மானமாகிறது.

அதே பிப்ரவரியில், 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் புறநகரில், கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். மலையை வெட்டிக் கல்லை எடுத்துக்கொண்டு போனவர்கள் விட்டுச்சென்ற பள்ளங்கள் அவை. மழைக்காலத்தில் நிரம்பியவை கோடையிலும் முழுதாக வற்றுவதில்லை. இவற்றை நகரின் குடிநீருக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் நிலவியலாளர்கள் பல ஆண்டுகளாகவே பரிந்துரைத்து வந்திருக்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அந்தக் குழியில் நிற்பது வானத்திலிருந்து விழுந்த நீரா, அல்லது பக்கத்துக் கிணறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் போக வேண்டியிருந்த நீரா? குழியின் விளிம்பில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. குழி வெட்டும் முன்பே யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும்.

தண்ணீர்க் கவலை இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 1858 மார்ச்சில் கைதிகளோடு வந்திறங்கிய ஆங்கில அதிகாரிகள் முதலில் சாத்தம் தீவில்தான் கூடாரம் அடித்தார்கள். குடிநீர் போதவில்லை. மூட்டை முடிச்சுகளோடு ராஸ் தீவுக்கு நகர்ந்தார்கள் (2018-லிருந்து அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). நாடு சுதந்திரம் பெற்ற பிறகு நகரம் பெருத்தபோது தனிக்காரி ஓடையில் அணை கட்டப்பட்டது. இன்றும் நகரம் பெருமளவு நம்பியிருப்பது அந்த அணையைத்தான். மழை தாமதித்தால் அணையின் அடிமட்டம் தெரிய ஆரம்பிக்கிறது. நகராட்சியின் லாரிகள் ஓட ஆரம்பிக்கின்றன.

வானம் தாராளமாகக் கொடுப்பதை நிலம் பிடித்துவைக்காததுதான் காரணம். தீவுகள் நீளமானவை, ஒடுங்கியவை, செங்குத்தானவை. மலைமுகட்டில் விழும் மழை சில மணி நேரத்தில் கடலில் இருக்கும். சொல்லிக்கொள்ளும்படியான ஆறு என்றால் வடக்கு அந்தமானின் கல்போங்கையும் கிரேட் நிக்கோபாரின் கலத்தியாவையும்தான் சொல்ல வேண்டும். தெற்கு அந்தமானின் பெரும் பகுதி மணற்பாறையும் களிப்பாறையும் அடுக்கடுக்காக மாறிமாறி வரும் படிவு நிலம். தண்ணீரைத் தேக்கிவைப்பதில் அது கஞ்சன்.

ஆனால் கிழக்குக் கரையோரம் வேறு கதை. கார்பின்ஸ் கோவ், புரூக்‌ஷாபாத், பீடோனாபாத், ரங்கசாங், சிடியாதாப்பு என்று தெற்கே நீளும் பகுதியில் கடலடித் தரையாக ஒருகாலத்தில் இருந்த எரிமலைப் பாறைகள் மேலே தள்ளப்பட்டுக் கிடக்கின்றன. நிலவியலாளர்கள் இவற்றை ஓஃபியோலைட் என்கிறார்கள். கடலடியில் உருகி வழிந்து தலையணை தலையணையாக உறைந்த கருங்கல்லும் அதில் உண்டு. பல கோடி ஆண்டுகள் நெருக்குண்டு நொறுங்கியதால் உள்ளே எங்கும் வெடிப்புகள். மழை நீர் அந்த வெடிப்புகளில் இறங்கி, மெதுவாக நகர்ந்து, அடிவாரத்தில் ஊற்றாக எட்டிப் பார்க்கிறது. கோடையில் பல கிராமங்களைக் காப்பாற்றுவது இந்த ஊற்றுகளும் அவற்றை ஒட்டிய கிணறுகளும்தான்.

கட்டடக்காரர்களைக் கேட்டால் அவர்களும் இதே பாறையைத்தான் கைகாட்டுவார்கள். ஜல்லிக்கு இதைவிட உறுதியான கல் தெற்கு அந்தமானில் கிடைப்பது அரிது. தண்ணீருக்கு நல்ல பாறையும் ஜல்லிக்கு நல்ல பாறையும் ஒன்றாகவே அமைந்துபோனதை இயற்கையின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

தீவின் கல்குவாரிகளுக்கு இத்தனை கிராக்கி வந்ததற்கு உச்ச நீதிமன்றமும் அறியாமலே ஒரு காரணம். தொண்ணூறுகள் வரை கட்டடம் என்றால் கடற்கரை மணல்தான். லாரி லாரியாக அள்ளியதில் கரைகள் கரைந்தன. ஆமைகள் முட்டையிட வரும் இடங்கள் பாழாயின. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. நீதிமன்றம் 2001-ல் சேகர் சிங்கை ஆணையராக நியமித்தது. அவரது அறிக்கையைத் தொடர்ந்து 2002 மே 7-ல் உத்தரவு வந்தது: மணல் எடுப்பதை ஆண்டுக்குக் குறைந்தது 20 சதவிகிதம் வீதம் குறைத்து, ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும். நூறு எண்பதாகி, எண்பது அறுபத்து நான்காகி, ஐந்தாவது ஆண்டில் முப்பத்து மூன்றில் வந்து நிற்கும் கணக்கு அது. கடற்கரைக்கு நல்லது. கரையோர நன்னீருக்கும் நல்லது. ஏனென்றால் மணல் மேடுதான் கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருக்கும் மதில்.

மணல் குறைந்தால் வீடு கட்டுவது நிற்குமா? உத்தரவு வந்த இரண்டரை ஆண்டுகளில், 2004 டிசம்பர் 26-ல் பூமி குலுங்கி, ஆழிப்பேரலை வந்தது. அதற்குப் பிந்தைய மறுகட்டுமானத்தில் மட்டும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் தேவைப்பட்டன. சாலைகள், படகுத்துறைகள், பள்ளிகள், 2023-ல் திறக்கப்பட்ட புதிய விமான நிலைய முனையம் என்று பட்டியல் நீள்கிறது. மணலையும் சிமெண்டையும் கப்பலில் கொண்டுவரலாம், விலை கொடுக்க மனமிருந்தால். ஜல்லியையும் அப்படியே கொண்டுவருவது கட்டுப்படியாகாது. கல்லை உடைத்துப் பொடியாக்கி மணலுக்கு மாற்றாகவும் பயன்படுத்துகிறார்கள். ஆக, கடற்கரையிலிருந்து எடுத்த சுமையில் ஒரு பகுதி மலையின் தலையில் ஏறியது. நிலப்பரப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் காடு என்பதால் குவாரிகளுக்கு மிஞ்சுவது ஊரை ஒட்டிய வருவாய் நிலம். அதாவது, கிணறுகள் இருக்கும் இடம்.

ஒரு குழி சுற்றியுள்ள நீரை என்ன செய்யும்? நிலத்தடி நீர்மட்டம் என்பது மேசைபோலச் சமதளமாக இருப்பதில்லை; மலையைப் பின்பற்றிச் சரிந்திருக்கும். வெட்டுக்குழி அந்தச் சரிவுக்கு மேலேயே நின்றுவிட்டால் சேதம் குறைவு. அதற்குக் கீழே இறங்கியதும் குழியே ஒரு பெரிய கிணறாகிவிடுகிறது. நாலாபுறமிருந்தும் நீர் அதை நோக்கி ஓடிவரும். தண்ணீரில் நின்று கல் உடைக்க முடியாது என்பதால் குவாரிக்காரர் மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுவார். அவர் இறைக்க இறைக்க, மேட்டுப்பக்கக் கிணறுகளில் மட்டம் இறங்கும். பள்ளத்துப்பக்க ஊற்றுக்குப் போக வேண்டிய நீர் நடுவழியிலேயே மடக்கப்படும். வெடி வைக்கும்போது ஏற்படும் அதிர்வு சில வெடிப்புகளைத் திறக்கும், சிலவற்றை மூடும். மேல்மண்ணையும் மரங்களையும் வழித்தெடுத்துவிட்டதால் மழை நீர் பஞ்சில் இறங்குவதுபோல இறங்காது. கல் பொடியைக் கரைத்துக்கொண்டு பாலாக ஓடும்.

இவையெல்லாம் கருங்கல் பூமியில் எங்கும் நடப்பவை. தீவில் கூடுதலாக ஒரு எதிராளி உண்டு: கடல். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரரான பேடோன் கைபனும், அவரை அறியாமலே ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். கடல் நீரைவிட நன்னீர் இலேசானது. ஆகவே அது உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் பயம் பிடிக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழேயிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். வெடிப்புப் பாறையில் இந்தக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாதுதான். ஆனால் உப்பு வரும் திசை மாறாது. அதிலும் 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் இன்று ஓதம் ஏறி இறங்குகிறது. கடல் ஏற்கெனவே ஒரு மீட்டர் கிட்டே வந்துவிட்ட ஊரில் நன்னீர் மட்டத்தை இறக்கிப் பார்ப்பது விஷப்பரீட்சை.

இதைக் கண்காணிக்கப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை. பொறுமைதான் தேவை. குவாரி எல்லையைச் சுற்றிச் சில ஆழ்துளைகள் போட்டு, அடியில் துளைகள் கொண்ட குழாய் இறக்குகிறார்கள். பீசோமீட்டர் என்பது இதன் பெயர். தண்ணீர் எடுப்பதற்காக அல்ல, எட்டிப் பார்ப்பதற்காக மட்டுமே உள்ள கிணறு. அளவு குறித்த நாடாவை உள்ளே விட்டால் முனை நீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும். அந்த ஆழத்தை, தேதியோடும் அன்று பெய்த மழையோடும் சேர்த்து எழுத வேண்டும். மேட்டுப்பக்கம் ஒன்றாவது வேண்டும். பள்ளத்துப்பக்கம் இரண்டு மூன்று வேண்டும். ஊர்க் கிணறுகள் சிலவற்றையும் ஊற்றுகள் அனைத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஊற்றுக்கு அளவுநாடா தேவையில்லை. ஒரு குடமும் கடிகாரமும் போதும்: குடம் நிறைய எத்தனை வினாடி?

வெடிப்புப் பாறையில் ஒரு தந்திரம் இருக்கிறது. மணலில் நீர் எல்லாத் திசையிலும் சீராக நகரும். பாறையில் வெடிப்பு போகும் வழியில் மட்டுமே போகும். ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள கிணற்றுக்கு ஒன்றும் ஆகாமல், அரை கிலோ மீட்டர் தள்ளியுள்ள ஊற்று நின்றுபோகலாம். காம்பஸ் வைத்து வட்டம் போட்டு அதற்குள் குழாய் நட்டுவிட்டு 'பாதிப்பில்லை' என்று அறிக்கை எழுதுவது சுலபம். வெடிப்புகளின் திசையை முதலில் வரைந்துகொண்டு அதன்மேல் குழாய் நடுவதுதான் வேலை.

நீரின் அளவோடு குணத்தையும் பார்க்க வேண்டும். மின்கடத்துத் திறனை அளக்கும் பேனா அளவுக் கருவி உப்பு நகர்வதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வெடிமருந்தில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் முழுதாக எரியாவிட்டால் மிச்சம் மழையில் கரைந்து நிலத்தில் இறங்கும். நைட்ரேட் 45 மில்லி கிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. லாரிகளும் கிரஷர்களும் சிந்தும் டீசல் இன்னொன்று. ஓஃபியோலைட் பாறைகளில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு. புதிதாக உடைபட்ட பாறைமுகத்தில் நீர் தேங்கினால் அவற்றையும் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். எல்லாக் கிணற்றிலும் எல்லாவற்றையும் எல்லா மாதமும் சோதிக்க வேண்டும் என்பதில்லை. மட்டமும் மின்கடத்துத் திறனும் மாதாமாதம். மற்றவை கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை போதும்.

இதில் எதைத் தள்ளிப்போட்டாலும் பின்னால் சரிசெய்யலாம், முதல் வெடிக்கு முந்தைய அளவைத் தவிர. தீவில் நீர்மட்டம் மழைக்காலத்தில் தரையைத் தொடுவதும் ஏப்ரலில் பல மீட்டர் இறங்குவதும் வழக்கமே. குவாரி ஆரம்பித்தபின் ஒரு கிணறு வற்றினால், 'இந்த வருஷம் மழை குறைவு' என்பார் குத்தகைக்காரர். 'எங்கள் அப்பா காலத்திலிருந்து வற்றாத கிணறு' என்பார் கிணற்றுக்காரர். இரண்டுமே நம்பும்படியாகத்தான் இருக்கும். குறைந்தது ஒரு முழு ஆண்டின் பழைய அளவு கையில் இருந்தால் வழக்கு ஐந்து நிமிடத்தில் முடியும். இல்லாவிட்டால் சண்டை தலைமுறைக்கும் நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஜல்லிக்கல் சிறு கனிமம். ஐந்து ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு கனிமக் குத்தகைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என்ற நிலை நெடுநாள் இருந்தது. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது. பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக்கிக் குத்தகை எடுப்பவர்களின் சாமர்த்தியம் நீதிபதிகளுக்குப் புரிந்திருந்தது. நிலத்தடி நீரைத் தொடும் சுரங்கங்கள் எல்லைக்குள் பீசோமீட்டர் அமைக்க வேண்டும், சுற்றுப்புறக் கிணறுகளையும் அளக்க வேண்டும் என்று மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 விதிமுறைகள் கூறுகின்றன. காகிதத்தில் குறையில்லை. ஆனால் அளப்பவர் யார்? அனுமதி பெற்றவரேதான். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்தும் மாணவர் ஃபெயிலானதாகச் சரித்திரம் இல்லை. வாரியத்தின் சொந்தக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டமெடுப்பது வழக்கம். நாடு தழுவிய போக்கைச் சொல்ல அது போதும். ஒரு குறிப்பிட்ட குவாரி ஒரு குறிப்பிட்ட ஊற்றை என்ன செய்தது என்று சொல்ல அது போதாது.

குவாரியைப் பகையாகவே பார்க்க வேண்டும் என்பதில்லை. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். பத்து மீட்டர் ஆழமுள்ள பழைய குழி பத்துக் கோடி லிட்டர் கொள்ளும். இப்படி ஒரு தொட்டியைப் புதிதாகக் கட்ட நிலம் வேண்டும், பணம் வேண்டும், காட்டில் கட்டுவதென்றால் டெல்லியின் அனுமதி வேண்டும். இங்கே ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறார்கள். சென்னைவாசிகளுக்கு இது புரியும். 2017 வறட்சியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் எடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தது குடிநீர் வாரியம். 2019-ல் ஏரிகள் நான்கும் வறண்டபோதும் அந்தக் குழிகள் கைகொடுத்தன. எடுப்பதற்கு முன் நீரைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் குளமாகிவிட்ட குழியும் சும்மா இருப்பதில்லை. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து கோடையில் நாளுக்கு ஐந்து மில்லி மீட்டர் ஆவியானால்கூட ஹெக்டேருக்கு ஐம்பதாயிரம் லிட்டர் போய்விடும். பாறைக்குள் இருந்தவரை வெயில் படாத நீர் அது. மேலும், சரிந்திருந்த நீர்மட்டம் குழிக்குள் சமதளமாகிவிடுவதால் மேட்டுப்பக்கக் கிணறுகளில் மட்டம் நிரந்தரமாகக் கொஞ்சம் இறங்கும்; பள்ளத்துப்பக்கம் கொஞ்சம் ஏறும். மழைக்காலத்தில் அங்கே வீட்டுத் தரையில் ஈரம் கசிகிறது என்று யாராவது புகார் சொன்னால் அது கற்பனையல்ல. குழியிலிருந்து லாரிகளுக்குத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தால் குவாரி நடந்த காலத்துப் பிரச்சினை வேறு பெயரில் திரும்பி வரும். எவ்வளவு இறைக்கலாம் என்பதற்கும் அதே குழாய்கள், அதே நாடாதான் பதில் சொல்ல முடியும்.

மூடிவிடலாம் என்றால் எதைக்கொண்டு மூடுவது? தோண்டியபோது ஒதுக்கிய மேல்மண் போதாது. களிமண்ணைக் கொட்டி இறுக்கினால் நீர் போகும் பாதையில் அணை கட்டியதுபோல. ஊருக்குப் பக்கத்தில் பள்ளம் இருந்தால் குப்பை தானாகவே தேடி வரும் என்பது இந்திய நகரங்கள் அனைத்தும் அறிந்த உண்மை. வெடிப்புள்ள பாறைக் குழியில் குப்பையைக் கொட்டுவது அடிவாரத்துக் கிணற்றில் அதைக் கொட்டுவதற்குச் சமம். சரிவுகளைப் படியாக்கி, மேல்மண் பரப்பி, மரம் நட்டு, அடியில் நீரை விட்டுவைப்பது நடுவழி. எந்த வழியானாலும், குழியின் நீர் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போய் ஒரு நிலைக்கு வர நாலைந்து மழைக்காலமாவது ஆகும். குத்தகை முடிந்ததும் குத்தகைக்காரர் போய்விடுகிறார். பீசோமீட்டரின் மூடி துருப்பிடிக்கிறது. கண்காணிப்பு மிகத் தேவையான கட்டத்தில் கண்காணிக்க ஆள் இருப்பதில்லை. குத்தகைப் பணத்தில் ஒரு பகுதியை அதற்கென்று முன்னதாகவே பிடித்துவைத்து, அளக்கும் வேலையைக் கிராமப் பஞ்சாயத்திடம் கொடுத்தால் என்ன? நாடாவைப் படிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். கிணற்றுக்குச் சொந்தக்காரர்களைவிட அக்கறையாக யார் அளக்கப்போகிறார்கள்?

2011 கணக்கெடுப்பில் தீவுகளின் 3.8 லட்சம் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழி என்றவர்கள். சாலை போட வந்தவர்கள், கல் உடைக்க வந்தவர்கள், கடை வைக்க வந்தவர்கள் என்று பல தலைமுறைகள். கல்லில் வேலை செய்பவர்களிலும் அவர்கள் உண்டு. குடத்தோடு வரிசையில் நிற்பவர்களிலும் அவர்கள் உண்டு. குவாரியை மூடு என்றால் ஒரு வீட்டில் அடுப்பு அணையும், மூடாதே என்றால் இன்னொரு வீட்டில் கிணறு வற்றும் என்ற நிலை வரும்போது, யார் சொல்வது சரி என்று காட்டும் எண்கள் இருப்பது இருவருக்குமே நல்லது.

தெற்கே கிரேட் நிக்கோபாரில் இந்தக் கேள்வி இன்னும் பெரிய அளவில் எழப்போகிறது. சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் என்று 166 சதுர கிலோ மீட்டரில் விரியும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. கலத்தியா விரிகுடாவில் துறைமுகம் என்றால் அலைத்தடுப்புச் சுவர் வேண்டும். நகரியம் என்றால் சாலை வேண்டும். எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். அது எந்த மலையிலிருந்து வந்தாலும், அந்த மலையடிவாரத்து ஊற்று ஒரு குடத்தை நிரப்ப இன்று எத்தனை வினாடி எடுத்துக்கொள்கிறது என்பதை வெடி வைப்பதற்கு முன்பு வரும் ஒரு பிப்ரவரியில் போய்ப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். வெடி வைத்த பிறகு வரும் பிப்ரவரியில் அந்த எண் கிடைக்காது.